ஒரே உறைக்கு இரண்டு

பன்னிரண்டாவது குண்டும் டப்பாவுக்கு இடது பக்கமாகத்தான் போயிற்று. விசையை அமுக்குவதற்கு ஒரு கணம் முன்னாலேயே மணிக்கட்டு தன்னாலே கொஞ்சம் சரிகிறது, எப்சிபாவுக்கு அது தெரியும், தெரிந்தும் நிறுத்த முடியவில்லை. இத்தனைக்கும் இது பெரிய சத்தம் போடுகிற சாமான் இல்லை. குக்கர் வெயிட்டைக் கரண்டியால் தூக்கினால் வருமே, அந்த மாதிரி ஒரு சீறல், அப்புறம் டப்பாவுக்குப் பின்னால் சார்த்தி வைத்திருக்கும் பழைய மெத்தையில் பொத்தென்று ஒரு சின்ன அடி, அவ்வளவுதான். ஆனால் கைக்கு அது புரியவில்லை. கை இன்னும் போன வருஷத்து ஃபயரிங் மைதானத்திலேயே நிற்கிறது, காதில் அடைத்த பஞ்சையும் மீறி இடி இறங்கியதே, அதை நினைத்துக்கொண்டு இந்தச் சீறலுக்கும் பயப்படுகிறது. அன்றைக்கு ஆளுக்கு இருபது ரவுண்டு கொடுத்தார்கள். வருஷத்துக்கே அந்த இருபதுதான். எழுதப் பழகுகிறவளிடம் வருஷத்துக்கு இருபது எழுத்து மட்டும் எழுதிக்கொள் என்றால் கையெழுத்து எங்கிருந்து வரும்? இருபதில் ஏழுதான் ஆள் உருவம் வரைந்த அட்டையில் பட்டிருந்தது, அந்த ஏழிலும் இரண்டு காதோரம். "பரவால்ல ஏட்டம்மா, எதிராளிக்குக் காதாவது கேக்காம ஆக்கிட்டீய" என்று துப்பாக்கி கொடுக்கிறவர் சிரித்தார், அவளும் சேர்ந்து சிரித்தாள். அப்போது சிரிக்க முடிந்தது. அப்போது அவள் ஸ்டேஷனில் உட்கார்ந்து புருஷன் பெண்டாட்டி சண்டையைப் பேசித் தீர்த்துக்கொண்டிருந்தாள். இடுப்பில் பிஸ்டலைக் கட்டிக்கொண்டு ஓர் உயிருக்குக் காவல் இருக்கிற வேலை வந்து சேரும் என்று யார் கண்டது.

அந்த உயிர் இப்போது தண்ணீர்த் தொட்டியின் நிழலில் காலை நீட்டி உட்கார்ந்து ஜாக்கெட்டுக்கு ஹூக் வைத்துக்கொண்டிருந்தது. உலகம்மாள், இருபத்து மூன்று வயது. புருஷன் தவசியை பஸ் ஸ்டாப்பில், அவள் கண் முன்னால், சாதி மாறிக் கட்டிக்கொண்டதற்காக அவளுடைய சொந்த அண்ணனும் சித்தப்பாவும் வெட்டிப் போட்டார்கள். நின்றிருந்த முப்பது பேரும் எதையும் பார்க்கவில்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். பார்த்தது இவள் ஒருத்திதான். அண்ணன் ஜாமீனில் வந்து ஆறு வாரம் ஆகிறது. வியாழக்கிழமை இவள் கூண்டில் ஏறிச் சொல்ல வேண்டும். நாலு மாசமாக ஊர் பேர் தெரியாத இந்தக் காலனியில் வாடகை வீடு, வாசலில் மஃப்டியில் ஓர் ஆண் காவலர், உள்ளே எப்சிபா. வந்த முதல் வாரம் எப்சிபா தூங்கவே இல்லை. இருபதில் ஏழு, இருபதில் ஏழு என்று அதே கணக்குத்தான் ஓடிக்கொண்டிருந்தது. பதிமூன்று தடவை தவறவிடுகிற கையை நம்பி இந்தப் பிள்ளை பக்கத்துக் கட்டிலில் வாயைத் திறந்துகொண்டு தூங்குகிறதே என்று பார்த்துக்கொண்டே கிடந்தாள். அப்புறம்தான் பயிற்சிக்காக இந்த ஏர் பிஸ்டலை வாங்கினாள். லைசென்ஸ் வேண்டாம், ஒரு டப்பா ஈயக் குண்டு ஒரு மாசத்துக்குக் காணும், உள்ளே வைக்கிற கேஸ் குப்பி விரல் அளவு. கம்பெனிக்காரன் பார்த்துப் பார்த்துச் செய்திருந்தான். சர்க்கார் பிஸ்டலின் அதே நீளம், அதே கனம், அதே கறுப்பு, மேகசின் கழற்றுகிற பொத்தான்கூட அதே இடத்தில். முக்கியமாக, அதே உறையில் அது உட்கார்ந்தது. உறையிலிருந்து உருவுவதுதானே பாதி வேலை. ஒரு நாளைக்கு ஐம்பது தடவை உருவினாள். "சிவப்பு டேப் ஒண்ணு ஒட்டி வையி, எது எதுன்னு தெரியாமப் போயிரப் போகுது" என்று அவள் வீட்டுக்காரர் போனில் சொன்னார். ஒட்டவில்லை. டேப்பின் மேல் விரல் பழகிவிட்டால், நிஜத்தை எடுக்கிற நேரத்தில் விரல் டேப்பைத் தேடும் என்று அவருக்கே பாடம் நடத்தினாள். எனக்குத் தெரியாதா எது எதுவென்று. பெற்ற ரெட்டைப் பிள்ளைகளைத் தாய்க்குத் தெரியாமல் போகுமா என்றுகூடச் சொன்னாள், சொல்லிவிட்டு அந்த உவமை பிடிக்காமல் போனைச் சீக்கிரம் வைத்தாள்.

பதிமூன்றாவது டப்பாவில் பட்டது. பிஸ்கட் டப்பா, உள்ளே பழைய துணி. மெத்தைக்கு அந்தப் பக்கம் கைப்பிடிச் சுவர், சுவருக்கு அந்தப் பக்கம் ஓர் ஆள் தாண்டுகிற தூரத்தில் அடுத்த வீட்டு மாடி. அங்கே ரிட்டையர் ஆன டீச்சர் ஒருவர் மிளகாய் காயப் போட்டுக் கிளறிக்கொண்டிருந்தார். அவருக்கு இது ஏதோ பூச்சி மருந்து அடிக்கிற சத்தம். டப்பாவைச் சுடுவது லேசு. டப்பாவுக்கு மூக்கு இல்லை. அந்த அண்ணனை எப்சிபா போன செவ்வாய்க்கிழமை கோர்ட் வராந்தாவில் பார்த்தாள், ஐந்தடி தூரத்தில். அவனுக்கு உலகம்மாளின் மூக்கு. நுனியில் கொஞ்சம் அமுங்கின மாதிரி, சிரித்தால் விரிகிற அதே மூக்கு. அதைப் பார்த்ததிலிருந்து அவளுக்கு ஒரு சங்கடம். இவளைக் காப்பாற்ற வேண்டும் என்றால் இவள் முகத்தைப் பார்த்துத்தான் சுட வேண்டியிருக்கும் போல. அன்றைக்குத் திரும்பி வரும்போது வேனில் உலகு கேட்டாள், "எங்க அண்ணன் வந்தா சுட்டுருவியளாக்கா?" எப்சிபா என்ன சொன்னாள்? ஏதோ சொன்னாள். பேசாமல் வா என்றாளா, தண்ணீர் குடிக்கிறாயா என்றாளா. கேள்வி ஞாபகம் இருக்கிறது, பதில் இல்லை. பதில் சொல்லியிருந்தால் ஞாபகம் இருந்திருக்கும். சுடுவேன் என்று சொல்லியிருந்தால் அது ஒரு மாதிரி, மாட்டேன் என்று சொல்லியிருந்தால் அது வேறு மாதிரி. இரண்டும் இல்லாமல் தண்ணீர் பாட்டிலை நீட்டியிருக்கிறாள் கெட்டிக்காரி.

"அக்கா, இன்னைக்காவது நான் ஒரு அஞ்சு தடவை சுட்டுப் பாக்கட்டா?" என்றாள் உலகு, நூலைப் பல்லால் கடித்துக்கொண்டே. மூன்று மாசமாகக் கேட்கிறாள். இன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை, வியாழனுக்கு நாலு நாள் இருக்கிறது, பிள்ளை ராத்திரியெல்லாம் எழுந்து எழுந்து உட்காருகிறது. "சரி, கேஸை மாத்திட்டுத் தாரேன்" என்றாள் எப்சிபா. மற்ற நாளாக இருந்தால் நிஜம் கீழே பீரோவில் பூட்டியிருக்கும். வாசல் காவலர் மகராசன் சாப்பிடப் போயிருந்ததால் இன்றைக்கு அதைக் கூடவே மாடிக்கு எடுத்து வந்து, தொட்டி மேடையில் துண்டை விரித்து வலது ஓரத்தில் வைத்திருந்தாள். வலது நிஜம், இடது பயிற்சி. அது அவளுடைய ஒழுங்கு. பயிற்சிப் பிஸ்டலின் பிடியைத் திறந்து காலிக் குப்பியை எடுத்துப் புதியதைச் செருகித் திருகை முடுக்கித் துண்டில் வைத்தாள், கையெல்லாம் எண்ணெய், துண்டின் ஓரத்தை இழுத்துத் துடைத்தாள், அப்போது பெல் அடித்தது. மகராசனிடம் சாவி இருக்கிறது, அவர் பெல் அடிக்க மாட்டார். இரண்டாம் தடவையும் அடித்தது. துண்டின் மேலிருந்து ஒன்றை எடுத்து உறையில் போட்டாள், மற்றதைத் தூக்கி உலகுவின் கையில் வைத்தாள். "டப்பாவைப் பாத்துப் பிடிச்சுப் பழகு. நான் வார வரைக்கும் விசையில விரல் வைக்கப்படாது."

வாசலில் கம்பிக் கதவுக்கு அந்தப் பக்கம் ஹெல்மெட்டைக் கழற்றாமல் ஒருவன் நின்றான். கையில் நீளமாக எதையோ சுற்றி வைத்திருந்தான். "உலக..." என்றான், மிச்சம் ஹெல்மெட்டுக்குள்ளேயே நின்றுவிட்டது. அந்தப் பேர் இந்தத் தெருவில் யாருக்கும் தெரியாது. உலகுவை இங்கே எல்லோரும் சாந்தி என்றுதான் கூப்பிடுவார்கள். நாலு மாசம் பழகிய கை யாரையும் கேட்கவில்லை. உருவியது, இரண்டு கைக்குள் வந்து நின்றது, கம்பிகளுக்கு நடுவே அவன் நெஞ்சைப் பார்த்து நின்றது. அவன் கையிலிருந்ததைக் கீழே போட்டுவிட்டு இரண்டு கையையும் தூக்கினான். "உலகநாதன் சார் வீடுன்னு போட்டிருக்குக்கா, பார்சல்க்கா, குடைக்கா" என்று அழுகிற குரலில் சொன்னான். குடை. கீழே கிடந்த அட்டைப் பெட்டியில் குடையின் படம்கூட இருந்தது. மணிக்கட்டு சரியவில்லை, அதைக் கவனித்தாள், முதல் தடவையாக மணிக்கட்டு கொஞ்சமும் சரியாமல் சரியான இடத்தில் நின்றிருக்கிறது, சந்தோஷம்கூட எட்டிப் பார்த்தது. அப்புறம்தான் உள்ளங்கையின் அடிப்பக்கம் ஏதோ உறுத்துவது தெரிந்தது. பிடிக்கு அடியில், இப்போதுதான் அவளே முடுக்கிய திருகின் தலை. நிஜத்தில் அந்த இடத்தில் திருகு கிடையாது. நிஜத்துக்குக் கேஸ் வேண்டாம். "ரெண்டாவது தெரு" என்று யாரோ சொன்னார்கள், அவள்தான் சொன்னாள். அவன் பெட்டியைப் பொறுக்கினானா, எப்போது போனான், எதுவும் தெரியாது. அவள் படியில் இருந்தாள்.

பதினெட்டுப் படி. செவ்வாய்க்கிழமை. செவ்வாய்க்கிழமை கோர்ட்டுக்குப் போகும்போது பாலத்தில் இரண்டு பைக் வேனை ஒட்டியே வந்தது, அப்போது ஒரு ரவுண்டைக் குழலின் அடியில் சேம்பரில் ஏற்றினாள், ஸ்லைடை இழுத்துவிட்ட சத்தத்துக்கு உலகு திரும்பிப் பார்த்தாள். அது நிச்சயம். ஏற்றியது நிச்சயம். திரும்பி வந்து இறக்கினாளா? வாய்தா போட்டுவிட்டார்கள், வெயில், வேனில் அந்தக் கேள்வி, வீட்டுக்கு வந்ததும் உலகு வாந்தி எடுத்தாள், முதுகைத் தடவிக் கொடுத்தாள், எலுமிச்சம்பழம் இல்லை என்று மகராசனை அனுப்பினாள், பிஸ்டலைக் கழற்றிப் பீரோவில் வைத்தாள். மேகசினைக் கழற்றினாள், அது ஞாபகம் இருக்கிறது, கட்டைவிரலில் பொத்தான் பட்டது, ஆனால் அந்தப் பொத்தான் நிஜத்துடையதா பயிற்சியுடையதா, இரண்டுக்கும் அதே இடத்தில்தானே. ஸ்லைடை இழுத்தாளா? இழுக்காவிட்டால் ஏறின தோட்டா உள்ளேயேதான் இருக்கும். தினமும் ஐம்பது தடவை இழுக்கிறாள், எந்த நாளின் இழுப்பு அது. எல்லா நாளும் ஒரே நாளாக ஆகிவிட்டது, எல்லா இழுப்பும் ஒரே இழுப்பு, செவ்வாய்க்கிழமை மட்டும் அதற்குள் எங்கே கிடக்கிறது என்று தெரியவில்லை. ஒன்பதாவது படி. இன்றைக்கு மேலே எடுத்து வரும்போது மேகசினைத் திரும்பப் போட்டாள், அப்போதாவது சேம்பரைப் பார்த்தாளா? கத்திக் கூப்பிடலாம். கத்தினால் திடுக்கிடுவாள், திடுக்கிட்டால் விரல் இறுகும். தனக்கே அப்படித்தான் இறுகும், இருபதில் பதிமூன்று அப்படித்தான் போயிற்று. மெத்தை பஞ்சு மெத்தை, ஈயக் குண்டுக்குத்தான் அது மெத்தை, தோட்டாவுக்கு அது வெறும் காற்று. அதற்கப்புறம் ஒற்றைச் செங்கல் சுவர். சுவருக்கப்புறம் மிளகாய். மிளகாய் கிளறுகிற கை. கர்த்தாவே, டீச்சர் பேர்கூட எனக்குத் தெரியாதே, நாலு மாசமாகக் காலையும் மாலையும் சிரிக்கிறோமே. சத்தம் வரவில்லை. இன்னும் வரவில்லை. ஒவ்வொரு படிக்கும் சத்தம் வராமல் இருப்பது பெரிதாகிக்கொண்டே வந்தது. பதினாறு. செருப்பைக் கழற்றிவிட்டிருக்கலாம். பதினேழு. மாடிக் கதவு பாதி திறந்திருந்தது.

உலகு கதவுக்கு முதுகைக் காட்டி நின்றாள். இரண்டு கையாலும் பிடித்திருந்தாள், எப்சிபா தினமும் நிற்கிற மாதிரியே இடது காலைக் கொஞ்சம் முன்னால் வைத்து, தலையைச் சாய்த்து. பார்த்துப் பார்த்தே படித்திருக்கிறாள். குழல் டப்பாவைப் பார்த்திருந்தது. டப்பாவுக்கு நேராக, தூரத்தில், டீச்சரின் வெள்ளை முடி. "உலகு" என்றாள் எப்சிபா, அடுப்பில் பால் வைத்திருக்கிறேன் பார்த்துக்கொள் என்று சொல்கிற குரலில். "அப்படியே நில்லு. திரும்பாதே. நான் பக்கத்துல வாரேன்." கடைசி நாலு எட்டை எப்படி வைத்தாள் என்று பிற்பாடு எத்தனை யோசித்தும் அவளுக்குத் தெரியவில்லை. பின்னாலிருந்து கட்டிப் பிடிக்கிற மாதிரிக் கையை நீட்டி, அவள் கைகளுக்கு மேல் தன் கைகளை வைத்து, குழலைத் தரைக்குத் தாழ்த்தி, விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்தாள். ஆள்காட்டி விரல் விசைக்குள் இருந்தது. வியர்த்துக் குளிர்ந்திருந்தது.

"அமுக்கிட்டேன்க்கா," என்றாள் உலகு, தப்புச் செய்த பிள்ளையாக. "விரல் வைக்கப்படாதுன்னு சொன்னீய, ஆனாலும் அமுக்கிட்டேன். ரெண்டு தடவை. கண்ண மூடிக்கிட்டு. கல்லு மாதிரி நிக்கி, அசையவே மாட்டேங்கு." எப்சிபா பார்த்தாள். விசையைப் பூட்டுகிற சேஃப்டி மேலே ஏறியிருந்தது. அந்தச் சின்ன இரும்புத் துண்டு, நகத்தின் அகலம் இருக்குமா, அது இறங்கியிருந்தால். மேகசினைக் கழற்றினாள், சேஃப்டியைத் தள்ளினாள், ஸ்லைடை இழுத்தாள். செவ்வாய்க்கிழமை வெளியே குதித்தது. மஞ்சளாக மின்னிக்கொண்டு தளத்தில் உருண்டு, தொட்டி ஒழுகி ஈரமாகக் கிடந்த இடத்தில் போய் நின்றது. இரண்டு பேரும் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். அடுத்த மாடியிலிருந்து டீச்சர், "என்ன சாந்தி, வெயில்ல நிக்கே, தல வலிக்கப் போகுது" என்று குரல் கொடுத்துவிட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

உட்கார்ந்துதான் சொல்ல முடிந்தது. தொட்டி மேடையில் உட்கார்ந்து, இரண்டு பிஸ்டலையும் மடியில் வைத்துக்கொண்டு, எது கீழே போயிற்று, எது இவள் கைக்கு வந்தது, யார் அதைக் கொடுத்தது என்று ஒன்று விடாமல் சொன்னாள். உலகு கையை விரித்துப் பார்த்தாள், பாவாடையில் துடைத்தாள், மறுபடி பார்த்தாள். "கீழ வந்தது அவுகளா இருந்திருந்தா?" என்று கேட்டாள். "என் கையில ஈயக் குண்டுதான் இருந்திருக்கும்." "அது அவுகளுக்குத் தெரியாதுல்லாக்கா." "தெரியாது." "தெரிஞ்சிருந்தா?" எப்சிபாவுக்கு இந்தத் தடவை நீட்டுவதற்குத் தண்ணீர் பாட்டிலும் பக்கத்தில் இல்லை. "தெரிஞ்சிருந்தா ரெண்டு பேரையும் முடிச்சிருப்பாக" என்று உலகுவே சொன்னாள், சோற்றில் உப்பு இல்லை என்கிற மாதிரி. பிறகு எழுந்து போய்ப் பாதியில் விட்ட ஹூக்கை எடுத்தாள், ஊசியில் நூல் கோக்க வரவில்லை, மூன்று தடவை முயன்றுவிட்டு மடியில் வைத்தாள்.

யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அந்த நினைப்புத்தான் முதலில் வந்தது, வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு நகரவில்லை. தோட்டா இருக்கிறது, துடைத்து மேகசினில் போட்டுவிட்டால் கணக்குச் சரி. பார்சல்காரன் புகார் கொடுக்கப் போவதில்லை, அவனுக்கு இது போலீஸ் வீடு என்றுகூடத் தெரியாது. சொன்னால் மெமோ, மெமோவுக்கு அப்புறம் மாற்றல். இவளுக்கு வேறு யாராவது வருவார்கள். வருகிறவள் இருபதில் எத்தனை அடிப்பாளோ, இந்தப் பிள்ளை ராத்திரி எழுந்து உட்கார்ந்தால் அவளும் எழுந்து உட்காருவாளோ என்னமோ. இவள் நன்மைக்காகவே சொல்லாமல் இருக்கலாம். நல்ல காரணம்தான். பஸ் ஸ்டாப்பில் நின்ற முப்பது பேருக்கும் இந்த மாதிரி ஒரு நல்ல காரணம் இருந்திருக்கும், ஒருவனுக்குப் பெண் கல்யாணம், ஒருத்திக்குக் கைக்குழந்தை. கண்டதைக் கண்டபடி சொல், அவன் வக்கீல் ஆயிரம் கேட்பான், நீ பாட்டுக்குக் கண்டதைச் சொல் என்று நாலு மாசமாக இதே வாயால்தான் இந்தப் பிள்ளைக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். டப்பாவைப் பார்த்தாள். பதிமூன்றில் ஒன்று. இல்லை, அதுவல்ல. மெத்தையைப் பார்த்தாள். மெத்தைக்கு அந்தப் பக்கம் டீச்சரின் மாடி காலியாக இருந்தது, மிளகாய் கிடந்த இடத்தில் மட்டும் கொஞ்சம் விதை சிதறிக் கிடந்தது. போனை எடுத்தாள்.

இன்ஸ்பெக்டர் முழுவதையும் கேட்டார். முடித்ததும், "ரவுண்டு வெளிய போகலையில்லா?" என்றார்.

"போகலய்யா."

"ஆளுக்கு ஒண்ணும் இல்ல?"

"இல்லய்யா."

"அப்ப எதுக்கு ஏட்டம்மா ஞாயித்துக்கிழமையும் அதுவுமா எங்கிட்ட சொல்லுதீங்க? யார் பாத்தா?"

"சாட்சி பாத்துச்சுய்யா."

அந்தப் பக்கம் யாரோ நாற்காலியை இழுத்துப் போடுகிற சத்தம் கேட்டது. "அந்தப் பிள்ள வெளிய சொல்லாதுல்லா?" என்றார், குரலைத் தணித்து.

"கேட்டா சொல்லும்யா," என்றாள் எப்சிபா. "சொல்லணும்னுதானய்யா நாலு மாசமா காவல் காக்கோம்."

பிறகு அவர், "அந்த விளையாட்டுச் சாமானை நாளைக்கு ஸ்டேஷன்ல கொண்டாந்து ஒப்படைங்க. நடந்ததை எழுதிக் கொடுங்க. வியாழக்கிழமை நீங்கதான் கூட்டிட்டு வரணும், அதுல மாத்தம் இல்ல. அதுக்கப்புறம் என்னன்னு மேல உள்ளவங்க சொல்லுவாங்க," என்றார். கோபமா இல்லையா என்று கண்டுபிடிக்க முடியாத குரல். வைத்துவிட்டார்.

"உங்கள மாத்திருவாகளா?" என்று உலகு கேட்டாள்.

"மாத்தலாம்."

உலகு கீழே போய் ஒரு நோட்டும் பேனாவும் கொண்டு வந்தாள், எப்சிபாவின் முன்னால் வைத்துவிட்டு எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். எப்சிபா தேதி போட்டாள். தன் பேர், நம்பர், பணி இடம். அதற்குமேல் ஓடவில்லை. பெல் அடித்தது, அதற்கு முன்னால் கேஸ் மாற்றினேன், அதற்கு முன்னால், எங்கிருந்து ஆரம்பிப்பது, எத்தனை மணி என்றே தெரியவில்லையே. பேனா தாளின் மேல் நின்றது.

"மூணு இருபது," என்றாள் உலகு. "பெல் அடிச்சப்ப மணி மூணு இருபது. எழுதுங்க. நான் பாத்தேன்."